ஃபோகஸ் தள்ளிப்போகும் டி.எஸ்.எல்.ஆர்: கேமராவில் திருத்துவதா, லென்ஸில் திருத்துவதா, சர்வீஸுக்குக் கொடுப்பதா?

கண்ணில் ஃபோகஸ் புள்ளியை வைத்து எடுத்த படத்தில் காது மடல் துல்லியமாகவும் கண் மங்கலாகவும் வந்தால் அது பேக் ஃபோகஸ். மூக்கு நுனி துல்லியமாக வந்தால் ஃப்ரன்ட் ஃபோகஸ். கேமராவோடு சேர்த்து விற்கப்படும் 18-55 கிட் லென்ஸில் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாத இந்தக் குறை, 85 மி.மீ. எஃப் 1.8 போன்ற லென்ஸ் ஒன்றை வாங்கிய முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஏ.பி.எஸ்-சி எனும் சிறிய சென்சார் கொண்ட கேமராவில் அந்த லென்ஸின் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுக்கத் திறந்து 2 மீட்டரில் இருப்பவரை எடுத்தால், துல்லியமாக விழும் பகுதியின் மொத்த ஆழம் சுமார் 4 செ.மீ.தான். அதே தூரத்தில் கிட் லென்ஸை 55 மி.மீ., எஃப் 5.6-இல் வைத்தால் 28 செ.மீ. கிடைக்கும். கேமரா 3 செ.மீ. தவறினால் கிட் லென்ஸ் அதை மறைத்துவிடும், 85 காட்டிக்கொடுத்துவிடும்.

இதைச் சரிசெய்ய ஐந்து வழிகள் இருக்கின்றன: கேமரா மெனுவில் திருத்தம், லென்ஸைக் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி. டாக்கில் வைத்துத் திருத்தம், சர்வீஸ் சென்டர், பின்திரையைப் பார்த்து லைவ் வியூவில் படமெடுப்பது, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுவது. எது உங்களுக்கு என்பதைப் பட்ஜெட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிழை ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம், ஒரே அளவு விழுகிறதா, அல்லது முன்னும் பின்னும் சிதறுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஒரே அளவில் விழும் பிழையை, மெனுவிலோ டாக்கிலோ வைக்கும் ஒரு திருத்த எண் சரிசெய்துவிடும். சிதறும் பிழைக்கு எந்த எண்ணும் உதவாது. இதைச் சோதிக்காமல் மெனுவுக்குள் போய் எண்ணை மாற்றுகிறவர்களின் கேமரா பெரும்பாலும் முன்பைவிட மோசமாகிறது.

பிழை எங்கே பிறக்கிறது

டி.எஸ்.எல்.ஆரின் முக்கியக் கண்ணாடி முழுவதும் ஒளியைத் தடுப்பதில்லை. அதன் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கை உள்ளே விடும். அந்த ஒளி பின்னாலிருக்கும் சிறிய துணைக் கண்ணாடியில் பட்டு, கீழ்நோக்கித் திரும்பி, கேமராவின் அடியில் இருக்கும் ஆட்டோஃபோகஸ் சென்சாரைப் போய்ச் சேரும். ஃபோகஸை முடிவு செய்வது அந்தச் சென்சார். படம் பதிவாவதோ பின்னாலிருக்கும் பெரிய சென்சாரில். லென்ஸ் மாட்டும் இடமான மவுன்ட்டிலிருந்து இரண்டுக்கும் ஒளி பயணப்படும் தூரம் சமமாக இருக்க வேண்டும். துணைக் கண்ணாடி நிற்கும் கோணத்தில் நூலிழை வேறுபாடு வந்தாலும் அந்தச் சமன் குலையும். லென்ஸுக்கும் தனக்கென உற்பத்தி விலகல் உண்டு. பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா), லென்ஸ் இரண்டுமே அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருந்தும், இரண்டு விலகலும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டால் படம் மங்கும். அதே லென்ஸ் நண்பரின் பாடியில் அருமையாக வேலை செய்வதன் காரணம் இதுதான்.

லைவ் வியூவில் கண்ணாடி மேலே போய்விடும். படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கும். ஆகவே இந்த வகைப் பிழை அங்கே எழாது. சோதனைக்கான அளவுகோலும் அதுவே.

முதலில் சோதனை

ட்ரைபாட் கட்டாயம். ஒரு தட்டையான அட்டையில் கறுப்பு வெள்ளைக் கோடுகளை அச்சிட்டு, கேமரா சென்சாருக்கு நேர் இணையாக நிறுத்துங்கள். அதன் பக்கத்திலேயே, 45 டிகிரி சாய்வில் ஒரு ஸ்கேலை வையுங்கள். ஸ்கேலின் ஏதாவது ஒரு கோடு அட்டையின் தளத்தோடு சரியாகப் பொருந்த வேண்டும். ஃபோகஸ் செய்வது அட்டையில், அளவு பார்ப்பது ஸ்கேலில். சாய்ந்த ஸ்கேலின் மீதே ஃபோகஸ் செய்வது மிகப் பரவலான தவறு. வியூஃபைண்டரில் தெரியும் சின்னச் சதுரத்தைவிட உண்மையான ஃபோகஸ் பகுதி பெரியது. நீங்கள் 10 என்ற எண்ணில் வைத்ததாக நினைக்க, கேமரா 8-ஐப் பிடித்திருக்கும். ஸ்கேல் 45 டிகிரியில் இருப்பதால், அதில் தெரியும் 10 மி.மீ. விலகல் உண்மையில் 7 மி.மீ. ஆழம்.

தூரம், குவியத் தொலைவின் (லென்ஸின் மி.மீ. எண்ணின்) 25 முதல் 50 மடங்கு. 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மடங்கு என்றால் 2.5 மீட்டர், 85-க்கு 4.25, 200-க்கு 10 மீட்டர். வீட்டுக்குள் இடம் போதாவிட்டால் மொட்டைமாடி நிழல் போதும். வெளிச்சம் பகல் வெளிச்சமாக இருக்கட்டும். மஞ்சள் விளக்கில் சோதித்தால், ஒளியின் நிறத்தாலேயே ஆட்டோஃபோகஸ் சென்சாரின் கணிப்பு சற்று நகரும். அந்த நகர்வையும் சேர்த்துத் திருத்திவிடுவீர்கள்.

அப்பர்ச்சரை முழுக்கத் திறங்கள். நடுப் புள்ளி மட்டும், ஒற்றை ஃபோகஸ் முறை, 2 விநாடி டைமர் அல்லது ரிமோட். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைக் கையால் இன்ஃபினிட்டிக்கு (மிகத் தொலைவுக்கு) திருப்பி, பிறகு ஃபோகஸ் செய்ய விட்டு எடுங்கள். இப்படி ஐந்து. அடுத்து, வளையத்தை மிக அண்மைக்குத் திருப்பி இன்னொரு ஐந்து. கடைசியாக லைவ் வியூவில், 10 மடங்கு பெரிதாக்கிச் சரிபார்த்து, மூன்று படம். எல்லாவற்றையும் கணினியில் 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையை நம்ப வேண்டாம்.

லைவ் வியூ படங்களும் மங்கலாக இருந்தால் பிரச்சினை ஆட்டோஃபோகஸில் இல்லை. லென்ஸே மங்கல், அல்லது உள்ளே பூஞ்சை, அல்லது கீழே விழுந்ததில் ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. படத்தின் இடப்பக்கம் துல்லியம், வலப்பக்கம் மங்கல் என்று வருவது அந்தச் சாய்வின் அடையாளம். கீழே சொல்லப்போகும் திருத்தங்கள் எதுவும் இதைத் தொடாது. நேராக லென்ஸ் ரிப்பேருக்குப் போக வேண்டியதுதான்.

லைவ் வியூ துல்லியம், வியூஃபைண்டர் படங்கள் பத்தும் ஒரே பக்கம் ஏறக்குறைய ஒரே அளவு தள்ளி விழுகின்றன என்றால், வீட்டிலேயே திருத்தலாம். இன்ஃபினிட்டியிலிருந்து வந்த ஐந்தும் அண்மையிலிருந்து வந்த ஐந்தும் சற்றே வேறுபடுவது இயல்பு. அந்த வேறுபாடு, திருத்த வேண்டிய பிழையையே மிஞ்சினால் லென்ஸின் இயக்கத்தில் தளர்வு இருக்கிறது. அதேபோல் இன்னொரு லென்ஸையும் மாட்டிப் பாருங்கள். எல்லா லென்ஸும் ஒரே திசையில் தவறினால் பாடி. ஒன்று மட்டும் தவறினால் அந்த லென்ஸ்.

பிழைபோலத் தோன்றும் பழக்கங்கள்

ட்ரைபாடில் எல்லாம் சரி, கையில் பிடித்தால் மட்டும் தவறுகிறது என்றால், பணம் செலவழிக்கும் முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும். புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் முறையில் இருந்தால் அது பெரும்பாலும் அருகில் இருப்பதைத்தான் பிடிக்கும். முகத்துக்கு முன்னால் நீட்டிய கை, மாலை, மைக் எல்லாம் அதற்கு இரை. நிகானில் தொடர் ஃபோகஸ் முறையின் இயல்பான அமைப்பு ஷட்டருக்கு முன்னுரிமை தருகிறது: ஃபோகஸ் கிடைக்காவிட்டாலும் படம் எடுத்துவிடும். கஸ்டம் அமைப்புகளில் ஏ1 என்ற இடத்தில் அதை ஃபோகஸ் முன்னுரிமைக்கு மாற்றலாம்.

நடுப் புள்ளியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் கேமராவைத் திருப்பிச் சட்டம் அமைக்கும் பழக்கத்தையும் சந்தேகப்படுங்கள். பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டக் கேமராவில் 50 மி.மீ. எஃப் 1.4, தூரம் 1.5 மீட்டர், திருப்பும் கோணம் 15 டிகிரி என்று கொள்வோம். ஃபோகஸ் தளம் கண்ணுக்கு 5 செ.மீ. பின்னால் போய்விடும். அந்த அமைப்பில் மொத்த ஆழமே சுமார் 7.5 செ.மீ., அதில் பாதிதான் பின்பக்கம். கேமரா மேல் ஒரு குற்றமும் இல்லாமலே கண் மங்கும். கண்ணுக்கு அருகிலுள்ள புள்ளியைத் தேர்ந்தெடுப்பதே தீர்வு.

வியூஃபைண்டர் ஓரத்தில் இருக்கும் டயாப்டர் சக்கரத்தைப் பலர் குற்றம் சொல்கிறார்கள். அது வியூஃபைண்டர் காட்சியை உங்கள் கண்பார்வைக்கு ஏற்பத் தெளிவாக்க மட்டுமே. ஆட்டோஃபோகஸை அது தொடுவதில்லை.

கேமரா மெனுவில் திருத்தம்

உங்கள் பாடியில் இந்த வசதி இருந்தால், ஒரே அளவில் விழும் பிழைக்கு முதலில் முயல வேண்டியது இதுதான். செலவில்லை, எப்போது வேண்டுமானாலும் பூஜ்யத்துக்குத் திரும்பலாம். கேனானில் இதன் பெயர் ஏ.எஃப். மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட், நிகானில் ஏ.எஃப். ஃபைன்-ட்யூன். இரண்டிலும் வீச்சு −20 முதல் +20 வரை. கூட்டல் எண் ஃபோகஸைக் கேமராவிலிருந்து அப்பால் தள்ளும், கழித்தல் எண் அருகே இழுக்கும். எனவே ஃப்ரன்ட் ஃபோகஸுக்குக் கூட்டல்.

யாரிடம் இருக்கிறது என்பதில்தான் ஏமாற்றம். கேனானில் 50டி, 70டி, 80டி, 90டி, 7டி வரிசை, 6டி வரிசை, 5டி மார்க் 2 முதலான பாடிகளில் உண்டு. 60டி-யில் இல்லை; 700டி, 750டி, 200டி, 1500டி, 3000டி எதிலும் இல்லை. நிகானில் டி7000 முதல் டி7500 வரை, டி300, டி500, டி600, டி750, டி800 வரிசைகளில் உண்டு. டி3000, டி5000 வரிசைகளில் இல்லை. அதாவது முதல் டி.எஸ்.எல்.ஆராக மக்கள் வாங்கும் பாடிகளில்தான் இது விடுபட்டிருக்கிறது.

எண்ணைக் கண்டுபிடிக்க ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஏறாதீர்கள். −20, −10, 0, +10, +20 என்று ஐந்து அமைப்பிலும் மும்மூன்று படம் எடுங்கள். இரு கோடிகளிலும் படம் தெளிவாகவே கெட்டுப்போகும், அதனால் நடுவில் நல்ல இடம் எங்கே என்பது கண்ணுக்குப் புலப்படும். அதைச் சுற்றி 5 எண் இடைவெளியில் ஒரு சுற்று, பிறகு 2 எண் இடைவெளியில் ஒரு சுற்று. அதற்கும் கீழே போவதில் பயனில்லை. ஆட்டோஃபோகஸின் இயல்பான சிதறலே அந்த அளவுக்கு இருக்கும். கிடைத்த எண்ணை வேறொரு தூரத்திலும், நீங்கள் வழக்கமாக எடுக்கும் மண்டப வெளிச்சத்திலும் சரிபார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிகான் டி5, டி500, டி850, டி7500 ஆகியவற்றில் கேமராவே எண்ணைக் கண்டுபிடிக்கும். லைவ் வியூவில் நடுப் புள்ளியில் ஃபோகஸ் செய்து, ஃபோகஸ் முறைப் பொத்தானையும் வீடியோப் பதிவுப் பொத்தானையும் சேர்த்து 2 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால், லைவ் வியூ ஃபோகஸோடு ஒப்பிட்டு எண்ணைப் பதிந்துகொள்ளும். ஒரு முறை வந்த எண்ணை அப்படியே ஏற்காதீர்கள். பல முறை ஓட்டி, வந்தவற்றை வரிசைப்படுத்தி, நடு எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த முறையின் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். ஒரு லென்ஸுக்கு ஒரு எண் என்பதால், அருகில் ஃப்ரன்ட் ஃபோகஸும் தூரத்தில் பேக் ஃபோகஸும் காட்டும் லென்ஸை இதனால் ஆற்ற முடியாது. ஜூம் லென்ஸுக்கு 5டி மார்க் 3-உம் அதற்குப் பிந்தைய கேனான் பாடிகளும் அகலக் கோடிக்கு ஒன்று, டெலி (நெருக்கிக் காட்டும்) கோடிக்கு ஒன்று என இரண்டு எண் தருகின்றன. நிகானில் டி6 தவிர மற்றவற்றில் ஒன்றே ஒன்று. அங்கே டெலி கோடிக்குச் சரிசெய்யுங்கள், ஆழம் குறைவதும் பிழை தெரிவதும் அங்கேதான். பெரிய எண் வைத்தால், மிக அண்மையிலோ இன்ஃபினிட்டியிலோ ஃபோகஸ் எட்டாமல் போகக்கூடும். கேனான் 50 மி.மீ. எஃப் 1.2 எல் போன்ற சில லென்ஸ்களில் அப்பர்ச்சரைச் சற்று மூடியதும் ஃபோகஸ் தளமே நகரும், எஃப் 1.2-க்குச் சரிசெய்தால் எஃப் 2.8-இல் தவறும். அவற்றை நீங்கள் அதிகம் பயன்படுத்தும் அப்பர்ச்சரில் சோதித்து எண் வைப்பதே நடைமுறை.

எண் 15-ஐத் தாண்டினால் அதை வைத்து ஓட்டாதீர்கள். அது சர்வீஸுக்கான அறிகுறி.

யூ.எஸ்.பி. டாக்

சிக்மாவின் ஆர்ட், கான்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் வரிசை லென்ஸ்களுக்கு யூ.டி-01 என்ற டாக். டாம்ரானின் புதிய எஸ்.பி. லென்ஸ்களுக்கு டாப்-இன் கன்சோல். லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றி டாக்கில் மாட்டி, கணினியோடு இணைத்து, அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளில் எண்களை மாற்றி லென்ஸுக்குள்ளேயே எழுதலாம். மவுன்ட்டுக்கு மவுன்ட் டாக் வேறு; கேனான் மவுன்ட் லென்ஸ் நிகான் டாக்கில் ஏறாது. பழைய சிக்மா லென்ஸ்களுக்கும், கேனான், நிகான் சொந்த லென்ஸ்களுக்கும் இந்த வழியே கிடையாது.

கேமரா மெனுவைவிட இது மேலானது, இரண்டு காரணங்களுக்காக. முதலாவது, தூரத்துக்குத் தூரம் தனி எண். சிக்மாவில் ஜூம் இல்லாத நிலைக்குவிய லென்ஸுக்கு 4 தூரங்கள். ஜூம் என்றால் 4 குவியத் தொலைவு × 4 தூரம், ஆக 16 கட்டங்கள். இரண்டாவது, மெனு வசதியே இல்லாத பாடிக்கும் பொருந்தும். 200டி-யில் சிக்மா 18-35 எஃப் 1.8 ஆர்ட் வைத்திருப்பவருக்கு வீட்டில் செய்யக்கூடிய ஒரே திருத்தம் இதுதான்.

விலை, நேரத்தில்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கழற்று, எழுது, மாட்டு, சோதி. 16 கட்டத்தையும் ஒழுங்காக முடிக்க ஒரு நாள் போய்விடும். நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் தூரங்களை மட்டும் முதலில் முடியுங்கள். ஆளெடுப்பவருக்கு நடுத் தூரக் கட்டங்கள் போதும். இன்ஃபினிட்டிக் கட்டத்தை அட்டையில் சோதிக்க முடியாது. தொலைவிலிருக்கும் செல்போன் கோபுரம், தண்ணீர்த் தொட்டி போன்ற ஒன்று வேண்டும். தொடங்கும் முன் கேமரா மெனுவில் எண் இருந்தால் அதைப் பூஜ்யமாக்குங்கள். இரண்டு இடத்திலும் திருத்தம் கலந்துவிட்டால் எது எதைச் சரிசெய்கிறது என்றே தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்ட பாடிகள் வைத்திருந்தால், லென்ஸில் எழுதிய எண் எல்லாப் பாடிக்கும் பொது. பாடிகளுக்கு இடையிலான வேறுபாட்டை மெனுவில்தான் தீர்க்க வேண்டும்.

சர்வீஸ் சென்டர்

எல்லா லென்ஸும் ஒரே பக்கம் தவறினாலும், எண் 15-ஐத் தாண்டினாலும், படங்கள் சிதறினாலும், நடுப் புள்ளி சரியாக இருந்து ஓரப் புள்ளிகள் தவறினாலும் இதுதான் வழி. மெனுவில் வைக்கும் எண் எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாகவே நகர்த்தும் என்பதால், ஓரப் புள்ளிப் பிழையை அது தீர்க்காது. 2012-இல் வந்த நிகான் டி800-இல் இடப்பக்கப் புள்ளிகள் மட்டும் தவறுவதாக எழுந்த புகார்கள் இந்த வகை. 2007-இல் கேனான் 1டி மார்க் 3-இன் துணைக் கண்ணாடி அமைப்பில் குறை இருப்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டு சரிசெய்து கொடுத்தது. விலையுயர்ந்த பாடி என்பதால் இது வராது என்று நினைக்க வேண்டாம்.

வாரன்டி இருந்தால், மெனு எண்ணோடு மல்லுக்கட்டாமல் நேரே கொடுத்துவிடுங்கள். பாடியை மட்டும் கொடுக்காமல் தவறும் லென்ஸையும் சேர்த்துக் கொடுங்கள். மெனு எண்களைப் பூஜ்யமாக்கிவிட்டு, சோதனைப் படங்களை, லைவ் வியூ படங்களோடு, எடிட் செய்யாமல் ஒரு மெமரி கார்டில் போட்டு வையுங்கள். ‘ஃபோகஸ் சரியில்லை’ என்று எழுதிக்கொடுத்தால் பொதுப் பரிசோதனை செய்து ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று திரும்பிவரும். ‘85 மி.மீ., எஃப் 1.8, 4.25 மீட்டர், நடுப் புள்ளி, பத்துக்குப் பத்து படம் 4 செ.மீ. முன்னால்’ என்று எழுதிக்கொடுத்தால் டெக்னீஷியனுக்கு வேலை எளிது. திரும்பி வந்ததும் அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். பழைய மெனு எண்கள் எதையும் திரும்ப ஏற்றாதீர்கள்.

கேமரா நிறுவனத்தின் சென்டர், வேறு நிறுவன லென்ஸுக்கு ஏற்றபடி பாடியைத் திருத்தித் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படித் திருத்துவதும் சரியல்ல; அந்த ஒரு லென்ஸுக்காக மற்ற எல்லா லென்ஸும் தவறத் தொடங்கும்.

சில பாடிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் துணைக் கண்ணாடியின் நிறுத்தத்தைத் தீர்மானிக்கும் சின்ன ஆலன் திருகு தெரியும். அதைத் திருப்பிச் சரிசெய்யும் காணொளிகளைப் பார்த்துக் கை வைக்காதீர்கள். அது மையம் விலகிய திருகு. இம்மி அசைந்தாலும் எல்லா லென்ஸின் ஃபோகஸும் மாறும், பழைய இடத்தைக் கண்டுபிடிக்க அளவுகோல் எதுவும் உங்களிடம் இருக்காது. பக்கத்திலேயே இருக்கும் முக்கியக் கண்ணாடியின் திருகைத் தவறுதலாகத் திருப்பினால் வியூஃபைண்டரும் கெடும்.

லைவ் வியூவே போதுமா?

அசையாத பொருளுக்குப் போதும். நகை, உணவு, கட்டடம், உட்கார்ந்து போஸ் கொடுப்பவர் ஆகியவற்றை மட்டும் எடுப்பவர் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டியதில்லை. கேனானில் 70டி, 80டி, 200டி, 6டி மார்க் 2, 5டி மார்க் 4 போன்ற, படச் சென்சாரிலேயே விரைவு ஃபோகஸ் வசதி (டூயல் பிக்சல்) உள்ள பாடிகளில் லைவ் வியூ ஃபோகஸ் வேகமாகவும் இருக்கும். நிகான் டி.எஸ்.எல்.ஆர்களில் டி780 தவிர மற்றவை கான்ட்ராஸ்ட் பார்த்து முன்னும் பின்னும் தேடும்; ஓடும் குழந்தையை அதில் பிடிக்க முடியாது. பேட்டரியும் சீக்கிரம் கரையும்.

மிரர்லெஸுக்கு மாறுவது

படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால், இரண்டு ஒளிப்பாதைகள் ஒத்துப்போக வேண்டும் என்ற சிக்கலே அங்கே இல்லை. கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியும் சேர்ந்தால், 85 எஃப் 1.8-இல் தேறும் படங்களின் எண்ணிக்கை கண்கூடாக உயரும். ஆனால் ஃபோகஸ் பிழை ஒன்றுக்காக மட்டும் மாறுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மெனு வசதியுள்ள பாடியில் 6 என்ற எண் தீர்க்கும் பிழைக்குப் புதிய பாடி தேவையில்லை. 1500டி, டி5600 போன்ற பாடியோடு அந்த நிறுவனத்தின் சொந்த லென்ஸ் வைத்திருப்பவர், வாரன்டியும் முடிந்து, அசையும் ஆட்களைத் திறந்த அப்பர்ச்சரில் எடுத்துப் பிழைப்பு நடத்துபவர் என்றால் கணக்கு மாறும். மெனுவும் இல்லை, டாக்கும் இல்லை, லைவ் வியூவும் போதாது. சர்வீஸ் மதிப்பீட்டை வாங்கி, அந்தப் பழைய பாடியின் கைமாற்று விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாறுவதென்றால் லென்ஸைப் பற்றி முன்பே விசாரிக்க வேண்டும். கேனான் இ.எஃப்., இ.எஃப்-எஸ் லென்ஸ்கள் அதன் மிரர்லெஸ் வரிசையான ஆர் வரிசையில் அடாப்டரோடு ஆட்டோஃபோகஸ் செய்யும், இ.எஃப்-எஸ் லென்ஸ் என்றால் முழுச்சட்டப் பாடியிலும் படம் வெட்டித்தான் பதியும். நிகானின் மிரர்லெஸ் பாடிகளுக்கான எஃப்.டி.இசட் அடாப்டரில் மோட்டார் உள்ளே இருக்கும் ஏ.எஃப்-எஸ், ஏ.எஃப்-பி வகைகள் ஆட்டோஃபோகஸ் செய்யும். பாடியின் திருகால் ஓடும் 50 மி.மீ. எஃப் 1.8டி போன்ற ஏ.எஃப்-டி லென்ஸ்கள் அதில் கையால்தான் ஃபோகஸ் ஆகும். வேறு நிறுவன லென்ஸ் வைத்திருந்தால் அதைக் கடைக்கே எடுத்துச் சென்று, அடாப்டரோடு மாட்டி, திறந்த அப்பர்ச்சரில் பத்துப் படம் எடுத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.